கார் கதவில் விழும் சொட்டை

சொட்டை என்றதும் என் தலையைப் பார்க்க வேண்டாம் நண்பர்களே. அது வேறு கதை. இன்று எழுதப் போவது கார் கதவில் விழுகிற சொட்டையைப் பற்றி.

கல்யாண மண்டபத்தில் பந்தி முடித்து, வெற்றிலையை மென்றுகொண்டே வண்டிக்கு வருவோம். கதவின் நடுவில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு குழி விழுந்திருக்கும். காலையில் அது இல்லை. பக்கத்தில் நின்ற வண்டியும் இப்போது இல்லை. பாத்திரத்தில் விழுந்தால் இதையே ஒடுக்கு என்போம். பட்டறைக்காரர்கள் டென்ட் என்பார்கள். பெயர் எதுவானாலும், அன்று சாப்பிட்ட பாயசம் கசந்துவிடும்.

நான் 1978 முதல் 2014 வரை 36 வருடம் ஒரு அரசு அலுவலகத்தில் வண்டிகளின் லாக் புக்கோடும் ரிப்பேர் பில்லோடும் காலம் தள்ளியவன். எந்த வண்டிக்கு எங்கே அடிபட்டது, எவ்வளவு செலவானது என்று எழுதி எழுதிக் கை தேய்ந்தது. அந்த அனுபவத்தில் சொல்கிறேன், இந்தச் சொட்டைக்கும் ஒரு வரலாறு உண்டு. கார் வந்து முதல் அரை நூற்றாண்டு வரை இந்தத் தொல்லை அதிகம் கிடையாது. பிறகுதான் வந்தது. ஏன் வந்தது என்று தெரிந்தால், எப்படித் தப்பிப்பது என்பதும் தெரிந்துவிடும்.

முதலில் நம் ஊரிலிருந்தே தொடங்குகிறேன்.

புதுக்கோட்டை நகரத்தின் வீதிகள் நூல் பிடித்தாற்போல் இருக்கும். கீழ ராஜ வீதி, மேல ராஜ வீதி, அதற்கு வெளியே 2-ம் வீதி, 3-ம் வீதி, 4-ம் வீதி என்று எண் போட்டுப் போகும். வெளியூர்க்காரர்களுக்கு இது வேடிக்கையாகத் தெரியும். இந்தச் சீருக்குக் காரணம் சேஷையா சாஸ்திரி. திருவிதாங்கூரில் திவானாக இருந்துவிட்டு 1878-ல் இங்கே வந்தவர், 1894 வரை சமஸ்தானத்தை நடத்தினார். நகரத்தைத் திருத்தி அமைத்தார், பல்லவன் குளத்தைச் சீர்படுத்தினார். ஆனால் அவர் வீதி போட்ட காலத்தில் இங்கே ஓடியவை மாட்டு வண்டியும் குதிரை வண்டியும்தான். கார் என்ற சொல்லே ஊருக்குள் வரவில்லை.

மாட்டு வண்டியைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். வண்டியிலேயே வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பாகம் எது? சக்கரத்தின் குடமும் அச்சின் நுனியில் இருக்கும் கடையாணியும்தான். சந்தைப்பேட்டையில் வெள்ளிக்கிழமை சந்தைக்கு வண்டிகள் நெருக்கியடித்து நிற்கும்போது, உரசினால் குடமும் குடமும்தான் உரசும். ஆள் உட்காரும் இடத்துக்கு எதுவும் ஆகாது. கதவு என்பதும் கிடையாது. பின்பக்கமாக ஏறி, பின்பக்கமாக இறங்க வேண்டியதுதான். இந்தக் கட்டுரைக்கு வேண்டிய சூத்திரம் இதிலேயே இருக்கிறது. எது வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறதோ அதுதான் அடி வாங்கும்.

மோட்டார் வண்டி நம் பக்கம் சீக்கிரமே வந்துவிட்டது. 1912-ல் டி.வி. சுந்தரம் அய்யங்கார் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பஸ் விட்டார். இன்றைய டி.வி.எஸ். குழுமத்தின் தொடக்கக் கதையில் நம் ஊர்ப் பெயரும் இருக்கிறது என்பது நமக்கெல்லாம் ஒரு பெருமை.

அந்தக் காலத்துக் காரின் படத்தைப் பார்த்திருப்பீர்கள். நான்கு சக்கரத்துக்கும் மேலே தனித்தனியாக வளைந்த மட்கார்டு. முன் மட்கார்டையும் பின் மட்கார்டையும் சேர்த்து ஒரு நீளப் பலகை, அதாவது ஃபுட்போர்டு. கதவு அதற்கு உள்ளே தள்ளி நிற்கும். மாட்டு வண்டியின் சூத்திரம் அங்கேயும் தொடர்ந்தது. பக்கத்து வண்டி நெருங்கி வந்தால் மட்கார்டும் ஃபுட்போர்டும்தான் முட்டும். கதவின் வயிற்றை எதுவும் எளிதில் தொட முடியாது.

இன்னொரு விஷயம், கதவைத் திறந்தது யார் என்பது. கார் வைத்திருந்தவர்கள் அன்று கதவைத் தாங்களே திறக்கவில்லை. வண்டி நேராகப் போர்ட்டிகோவுக்குள் வந்து நிற்கும். டிரைவர் இறங்கி வந்து ஒரு கதவைத் திறப்பார். ஐயா இறங்குவார், அம்மா இறங்குவார். பிறகு டிரைவர் காலி வண்டியை ஓட்டிக்கொண்டு போய் மரத்தடியில் நிறுத்துவார். நிறுத்தும் இடத்தில் ஒரே கதவு, அதுவும் அந்த வண்டியைத் துடைத்துப் பளபளப்பாக வைத்திருக்கும் ஆளின் கையால் திறக்கும். பழைய பங்களாக்களுக்கு முன்னால் இருக்கும் போர்ட்டிகோவை நாம் மழைக்கும் வெயிலுக்கும் கட்டியது என்று நினைக்கிறோம். கதவையும் அது காப்பாற்றியது.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் காரின் உருவமே மாறியது. தனித்தனி மட்கார்டையும் ஃபுட்போர்டையும் எடுத்துவிட்டு, உடம்பை இரு பக்கமும் ஓரம் வரை இழுத்து ஒரே தகடாக வழித்துவிட்டார்கள். அமெரிக்காவில் 1949-ம் வருட ஃபோர்டு கார் இந்த மாற்றத்துக்குப் பெயர் போனது. இதனால் உள்ளே இடம் அதிகம் கிடைத்தது, மூன்று பேர் தாராளமாக உட்கார முடிந்தது. ஆனால் அதுவரை உள்ளே பதுங்கியிருந்த கதவு வண்டியின் வெளி ஓரத்துக்கு வந்துவிட்டது. காரின் மிக அகலமான பாகமே கதவுதான் என்று ஆனது. சொட்டை பிறந்த கதை இதுதான். இடிக்கிறதும் கதவு, இடி வாங்குகிறதும் கதவு.

நமக்கு அந்த உருவம் அம்பாசடராக வந்தது. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரின் மூன்றாம் வரிசையை வைத்து ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் உத்தர்பாராவில் 1950-களின் கடைசியில் தொடங்கிய வண்டி அது. 2014 மே மாதம் நிறுத்தினார்கள். நான் ஓய்வு பெற்றதும் அதே வருடம்தான். (யார் முதலில் போனது என்று நண்பர்கள் கேலி செய்வார்கள்.) பியட் 1100 காரின் பழைய மாடல்களில் முன்கதவுக்குக் கீல் பின்பக்கம் இருக்கும், கதவு வீட்டு அலமாரி போல எதிர்த்திசையில் திறக்கும். சென்னையில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கு முதலில் இரண்டே கதவு. இரண்டு கதவு வண்டியில் ஒவ்வொரு கதவும் நீளமாக இருக்கும், திறந்தால் அதிக தூரம் வெளியே வரும். நாலு கதவு ஹெரால்டு பிறகுதான் வந்தது.

இப்படிக் கதவு வெளியே வந்த பிறகும் முப்பது வருடம் நம் ஊரில் பெரிய சிக்கல் இல்லை. காரணம் எளிது. பக்கத்தில் நிறுத்த இன்னொரு கார் கிடையாது. 1974 ஜனவரி 14-ல் புதுக்கோட்டை தனி மாவட்டமானது. தொண்டைமான் மன்னரின் அரண்மனை கலெக்டர் ஆபீஸ் ஆனது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது ஒரு பெரிய கல்யாணம் என்றால் மண்டப வாசலில் நாலைந்து கார் நிற்கும், மீதியெல்லாம் சைக்கிள். 1980-களில் நான் எழுதிய ரிப்பேர் பதிவுகளில் பம்பர் உண்டு, ரேடியேட்டர் உண்டு, ஆடு குறுக்கே வந்து உடைந்த ஹெட்லைட் உண்டு. நிறுத்திவைத்த இடத்தில் கதவில் பள்ளம் என்று எழுதியதாக நினைவே இல்லை.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. மத்தியதரக் குடும்பம் கார் வாங்கியது. டிரைவர் என்ற ஆள் மறைந்து அப்பாவே ஓட்டினார். போர்ட்டிகோவில் இறங்கும் வழக்கம் போயிற்று. நிறுத்தும் இடத்துக்கே எல்லோரும் வண்டியோடு வந்து, நான்கு கதவையும் ஒரே நேரத்தில் திறந்துகொண்டு இறங்கினார்கள். பின் சீட்டில் இரண்டு பையன்கள் இருந்தால் கதவு எப்படித் திறக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. தகடும் மெலிந்தது. எடை குறைந்தால்தானே மைலேஜ்? அம்பாசடர் 1100 கிலோவுக்கு மேல், மாருதி 800 சுமார் 650 கிலோ. இன்றைய கார்களின் வெளித் தகடு ஏறக்குறைய முக்கால் மில்லிமீட்டர்தான். விரல் நகத்தைவிட அதிகம் தடிமன் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு மேல் ஒரு கணக்கு இருக்கிறது. பொறுமையாகப் படியுங்கள், பென்சில் தேவையில்லை.

தமிழ்நாட்டின் ஒருங்கிணைந்த கட்டட விதிகளில் (2019) ஒரு காருக்கு ஒதுக்க வேண்டிய இடம் 2.5 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளம். இங்கிலாந்தில் வழக்கமான கட்டம் 2.4 மீட்டர்தான், ஆகவே நம் விதி கஞ்சத்தனமானது அல்ல. ஆனால் கார்களின் அகலத்தைப் பாருங்கள். மாருதி 800 அகலம் 1.44 மீட்டர். 1998-ல் வந்த சான்ட்ரோ 1.495. 2018-ல் வந்த ஸ்விஃப்ட் 1.735. இன்னோவா கிரிஸ்டா 1.83.

இரண்டு மாருதி 800 பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களில் சரியாக நடுவில் நின்றால் இடையில் 1 மீட்டர் 6 சென்டிமீட்டர் இருக்கும். இரண்டு ஸ்விஃப்ட் நின்றால் 76 சென்டிமீட்டர். இரண்டு கிரிஸ்டா நின்றால் 67 சென்டிமீட்டர். பழைய கணக்கில் ஒன்றரை முழம். ஒரு கதவை முழுக்கத் திறந்தால் ஏறக்குறைய ஒரு மீட்டர் வெளியே வரும். மாருதி காலத்தில் முழுக்கத் திறந்தாலும் பக்கத்து வண்டியில் படாது. இன்று முழுக்கத் திறப்பதற்கு முன்பே படும். மனிதர்கள் திடீரென்று கெட்டுப் போகவில்லை. கட்டம் அப்படியே இருக்க, வண்டி பெருத்துவிட்டது.

இதுவும் கோடு போட்ட இடத்தின் கணக்கு. நம் ஊர் மண்டபங்களில் கோடு எங்கே? விசில் வைத்திருக்கும் வாட்ச்மேன்தான் கோடு. "இன்னும் ஒரு வண்டி போகும் சார், வாங்க வாங்க" என்று சொருகிவிடுவார். அதிலும் வேப்ப மரத்து நிழல் இருக்கும் பக்கம் என்றால் கேட்கவே வேண்டாம். எதிர்ப்பக்கம் வெயிலில் பாதி மைதானம் காலியாகக் கிடக்கும். சித்திரை, வைகாசி முகூர்த்தங்களில் நம் சொட்டைகள் பெரும்பாலும் நிழலில் விழுபவை. இது எந்த ஆராய்ச்சியும் இல்லை, நான் கண்ணால் பார்த்தது.

ஒரு ரூபாய் அளவுக் குழிக்கு இவ்வளவு பெரிய கட்டுரையா என்று கேட்கலாம். குழி சின்னதுதான். அதற்கு விலை கொடுப்பது யார் என்பது சின்ன விஷயமில்லை. அதற்கு ஒரு சம்பவம் சொல்கிறேன்.

2011 ஆவணியில் ஒரு உறவினர் வீட்டுக் கல்யாணம். வெளியூரிலிருந்து வந்த ஒருவரின் புதுக் காரில் பின்கதவில் சொட்டை. பக்கத்தில் நின்றது இன்னொரு உறவினரின் வெள்ளைக் கார். அதை ஓட்டி வந்தது அன்றைக்கு மட்டும் கூலிக்குப் பேசிய ஆக்டிங் டிரைவர். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. "நான் கதவே திறக்கலைங்க, சாப்பிடக்கூடப் போகலை" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். யாரும் கேட்கவில்லை. சம்பந்தி வீட்டார் முன்னால் பேச்சு வளரக் கூடாது என்று வெள்ளைக் காரின் சொந்தக்காரர் ஒரு தீர்ப்பு சொன்னார். "இவன் கூலியில பிடிச்சுக்கலாம் மச்சான், விடுங்க." கூலி 500 ரூபாய். பட்டறைச் செலவு அதைவிடப் பல மடங்கு. ஆனால் தீர்ப்புக்கு ஒரு ஆள் வேண்டுமே, கிடைத்துவிட்டார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. கையில் குடை இருந்தது. குடையின் நுனியைத் தரையில் ஊன்றி, சொட்டை இருக்கும் உயரத்தில் கட்டை விரலை வைத்துப் பிடித்துக்கொண்டேன். அப்படியே வெள்ளைக் காருக்குப் போய், "தம்பி, கதவைத் திற" என்றேன். ஒவ்வொரு காரின் கதவு விளிம்பிலும் அதிகமாக வெளியே துருத்தும் இடம் ஒன்று உண்டு. முதலில் படுவது அந்த இடம்தான். அந்த வெள்ளைக் காரில் அது என் விரலுக்கு நாலு விரற்கடை கீழே இருந்தது. பின்கதவையும் திறந்து பார்த்தோம், அதுவும் பொருந்தவில்லை. சொட்டைக்குள் கூர்ந்து பார்த்தால் மெல்லிய சிவப்புக் கீற்று. வெள்ளைக் காரில் சிவப்பு எங்கிருந்து வரும்?

"சரி விடுங்க மாமா, சபையில எதுக்கு" என்று பேச்சை முடித்துவிட்டார்கள். கூலி கைக்கு வந்தது. மன்னிப்பு யாரும் கேட்கவில்லை. அந்தத் தம்பியை அந்த வீட்டில் பிறகு வண்டி ஓட்டக் கூப்பிடவும் இல்லை. யாருடைய சிவப்புக் கார் என்று கடைசி வரை தெரியவில்லை. இடித்தவர் போய்விட்டார், இடி வாங்கியவர் கோபப்பட்டார், நடுவில் நின்றவர் பிழைப்பை இழந்தார். நிறுத்துமிடங்களில் இது அடிக்கடி நடக்கிறது. டிரைவர், வாட்ச்மேன், வண்டி துடைக்கும் பையன், இவர்களில் யார் தலையிலாவது போய் விழும்.

கார் செய்பவர்கள் இதற்கு ஒன்றும் செய்யவில்லையா? செய்தார்கள். கதவின் நடுவில் ஒரு ரப்பர் பட்டை ஒட்டினார்கள், நம் கடைகளில் சைடு பீடிங் என்பார்கள். பழைய ஃபுட்போர்டின் பேரப்பிள்ளை என்று சொல்லலாம், கதவுக்கு வெளியே நீட்டிக்கொண்டு அடியைத் தான் வாங்கும். பிரான்சின் சித்ரோயன் நிறுவனம் 2014-ல் கேக்டஸ் என்ற காரில் கதவு முழுக்கக் காற்றடைத்த மெத்தை போன்ற பட்டைகளையே வைத்தது. பார்க்க விசித்திரமாக இருந்தது. 2018-ல் மாற்றியமைத்தபோது அதைச் சுருக்கிக் கதவின் அடிப்பாகத்துக்குத் தள்ளிவிட்டார்கள். ஃபோர்டு ஃபோகஸில் 2011-ல் இன்னொரு யோசனை வந்தது. கதவைத் திறந்ததும் அதன் விளிம்பில் ஒரு பிளாஸ்டிக் உறை தானாக வந்து மூடிக்கொள்ளும், சாத்தினால் உள்ளே போய்விடும். இது நம் கதவைவிட அடுத்தவர் கதவைக் காப்பாற்றுவது. எனக்கு இந்த யோசனைதான் மிகவும் பிடித்தது.

எல்லாவற்றையும்விட நல்ல தீர்வு நம்மிடமே 1984-லிருந்து இருந்தது. மாருதி ஆம்னி வேனின் பக்கவாட்டுக் கதவு. அது வெளியே வராது, பின்னால் நகரும். பள்ளிப் பிள்ளைகளை ஏற்றும் ஆம்னிக்குப் பக்கத்தில் நிறுத்தினால் அதன் பின்கதவைப் பற்றிக் கவலையில்லை. ஜப்பானில் தெருவும் குறுகல், நிறுத்துமிடமும் குறுகல். அங்கே மிக அதிகம் விற்கும் சிறிய கார்களில் ஒன்றான ஹோண்டா என்-பாக்ஸுக்குப் பின்கதவு நகரும் கதவுதான். நாமோ ஆம்னியை ஏழை வண்டி என்று ஒதுக்கிவிட்டு, அதே நகரும் கதவு கியா கார்னிவலில் பொத்தானை அமுக்கினால் திறக்கிறது என்றதும் வாயைப் பிளக்கிறோம்.

இனி நாம் செய்யக் கூடியவை. வரலாறு சொன்ன பாடங்களையே வரிசையாகச் சொல்கிறேன்.

போர்ட்டிகோவைத் திரும்பக் கொண்டு வாருங்கள். மண்டப வாசலில் எல்லோரையும் இறக்கிவிட்டு, ஓட்டுகிறவர் மட்டும் வண்டியை நிறுத்தப் போகட்டும். நாலு கதவு திறக்கும் இடத்தில் ஒரு கதவுதான் திறக்கும். கிளம்பும்போதும் அப்படியே, வாசலுக்கு வண்டி வந்த பிறகு ஏறலாம். வயதானவர்களுக்கும் இது சுகம்.

ஓரக் கட்டம் கிடைத்தால் விடாதீர்கள். ஒரு பக்கம் சுவரோ தூணோ இருந்தால் பாதி ஆபத்து போயிற்று. ஆட்களை இறக்கிவிட்ட பிறகு இடது பக்கத்தைச் சுவரை ஒட்டிக் கொண்டு போங்கள். மறுபக்கம் இடம் தாராளமாகும்.

நிழலைக் கொஞ்சம் தியாகம் செய்யுங்கள். வெயிலில் நிறுத்தினால் ஸ்டியரிங் சுடும், ஒரு துண்டைப் போட்டு மூடலாம். கதவில் விழும் சொட்டைக்குத் துண்டு போட முடியாது. ஐம்பது அடி கூடுதலாக நடப்பது என் வயதுக்காரர்களுக்கு நல்லதும்கூட.

பக்கத்து வண்டியைப் படியுங்கள். அதன் கதவு விளிம்பில் பெயின்ட் பொட்டுப் பொட்டாக உதிர்ந்திருந்தால் அந்த வீட்டுப் பழக்கம் தெரிந்துவிடும், தள்ளிப் போங்கள். பின் சீட்டில் பொம்மை கிடந்தால் குழந்தைகள் வருவார்கள். சீட்டில் பிளாஸ்டிக் உறைகூடக் கழற்றாத புதுக் கார் என்றால் தாராளமாகப் பக்கத்தில் நிறுத்துங்கள். அவர் கதவைத் தாலி போலப் பாதுகாப்பார்.

தரைச் சரிவைக் கவனியுங்கள். தரை பக்கவாட்டில் சரிந்திருந்தால் மேட்டில் நிற்கும் வண்டியின் கதவு பள்ளத்துப் பக்கம் தானாக விழும். ஆகவே பள்ளத்துப் பக்கம் நிற்காதீர்கள். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், கார் கதவு எம்மாத்திரம்? காற்று வரும் திசையைப் பார்த்து வண்டியின் முகத்தை வையுங்கள், காற்று கதவைச் சாத்தப் பார்க்கும். முதுகைக் காட்டி நிறுத்தினால் கதவைப் பிடுங்கித் திறந்துவிடும். ஆடியில் நமக்கு மேல் காற்று, ஆகவே மேற்கே பார்த்து நிறுத்துவது நல்லது.

கதவு பாதியில் நிற்பதற்குக் கீலுக்குப் பக்கத்தில் டோர் ஸ்டாப்பர் என்று ஒரு பட்டை உண்டு. அது தேய்ந்தால் கதவு ஊஞ்சல் போல ஆடும். சர்வீஸுக்கு விடும்போது அதையும் பார்க்கச் சொல்லுங்கள். பின்கதவில் சைல்டு லாக் இருக்கிறது. குழந்தைகள் கதவைத் திறப்பதற்குப் பதில் பெரியவர்கள் இறங்கி வந்து திறக்கலாம். அந்தக் காலத்து டிரைவர் செய்த வேலையை இன்று தாத்தா செய்வதில் ஒன்றும் குறைச்சல் இல்லை.

கடைசியாக, கையை மாற்றுங்கள். நெதர்லாந்தில் சைக்கிள்காரர்கள் அதிகம். அங்கே கதவுக்கு அருகில் இருக்கும் கையால் திறக்காமல், எதிர்க்கையால் திறக்கும் வழக்கம் உண்டு. நம் வண்டியில் ஓட்டுகிறவர் வலது பக்கம் இருப்பதால் இடது கையால் திறக்க வேண்டும். அப்படிச் செய்தால் உடம்பு தானாகத் திரும்பும், கண் பின்னால் போகும், கதவையும் வீசித் திறக்க முடியாது. பிரிட்டனில் 2022 ஜனவரியில் சாலை விதிப் புத்தகத்திலேயே இதைச் சேர்த்துவிட்டார்கள். தெருவோரம் நிறுத்தும்போது பின்னால் வரும் ஸ்கூட்டர்காரரின் உயிரையும் இது காக்கும். கதவைத் திறந்ததும் மற்றக் கையின் விரல்களை விளிம்பில் வைத்துக்கொண்டு இறங்குங்கள். விரல் நம்முடையது என்பதால் ஜாக்கிரதை தானே வரும்.

இவ்வளவுக்கும் பிறகு சொட்டை விழுந்துவிட்டால்? முதலில் யாரையும் திட்டாதீர்கள். உயரத்தை அளந்து பாருங்கள், ஒட்டியிருக்கும் பெயின்ட் நிறத்தைப் பாருங்கள், ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கொதிக்கிற தண்ணீர் ஊற்றினால் சரியாகும் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, அது பிளாஸ்டிக் பம்பருக்குச் சில சமயம் பலிக்கும், இரும்புக் கதவுக்குப் பலிக்காது. பெயின்ட் விரிசல் விடாமல் தகடு மட்டும் உள்வாங்கியிருந்தால், பெயின்ட் அடிக்காமலே சொட்டை எடுப்பவர்கள் இருக்கிறார்கள். கதவின் உள்ளிருந்து கம்பியால் மெதுவாகத் தள்ளி எடுப்பார்கள். பெயின்ட் உரிந்து இரும்பு தெரிந்தால் மட்டும் டிங்கரிங், பட்டி, பெயின்டிங் என்று போக வேண்டும்.

இன்ஷூரன்ஸ் கேட்பதற்கு முன்னால் கணக்குப் போடுங்கள். ஒரு வருடம் எந்தக் கிளைமும் கேட்காமல் இருந்தால் சொந்த வண்டிச் சேதத்துக்கான பிரீமியத்தில் 20 சதவீதம் தள்ளுபடி, அது 25, 35, 45 என்று ஏறி ஐந்தாம் வருடம் 50 சதவீதம் ஆகும். ஒரு சின்னச் சொட்டைக்காகக் கிளைம் கேட்டால் அது மொத்தமாகப் போய்விடும். போதாததற்கு முதல் 1000 ரூபாயோ 2000 ரூபாயோ இன்ஜின் அளவைப் பொறுத்து நம் கையிலிருந்துதான்.

நம் கதவு அடுத்தவர் வண்டியில் பட்டுவிட்டால், ஒரு துண்டுச் சீட்டில் போன் நம்பரை எழுதி வைப்பரின் கீழே செருகிவிட்டு வாருங்கள். ஐந்து நிமிட வேலை. எழுதாமல் போனால் அந்த வண்டிக்குப் பக்கத்தில் நிற்கும் யாரோ ஒரு ஆக்டிங் டிரைவர் அன்று மாலை வெறுங்கையோடு பஸ் ஏற வேண்டியிருக்கும்.